நலமுள்ள கண்ணுக்குக் கத்தி ஏன்?

தமிழன் தன் அன்பின் எல்லையைச் சுட்ட நினைத்தபோதெல்லாம் கண்ணையே துணைக்கு அழைத்தான். குழந்தையைக் 'கண்ணே' என்று கொஞ்சினான். உழைப்பாளியைக் 'கண்ணும் கருத்துமாக' இருப்பவன் என்று போற்றினான். எண்ணையும் எழுத்தையும் கண்ணென மதித்தான். திண்ணனார் தம் கண்ணை அம்பால் அகழ்ந்து அப்பியதை ஈகையின் கொடுமுடியாக வைத்துப் பெரியபுராணம் பாராட்டியது. அதற்குமேல் கொடுப்பதற்கு மனிதனிடம் ஒன்றும் இல்லை என்பதே அதன் கருத்து. அத்தகைய கண்ணை, உணவு இடைவேளைக்கும் மாலைத் தேநீருக்கும் இடையே, தள்ளுபடி விலையில் செதுக்கிக்கொண்டு வீடு திரும்பலாம் என்னும் எண்ணம் இன்று படித்த இளைஞரிடையே பரவி நிற்கிறது. அவ்வெண்ணம் ஆராயத்தக்கது, ஆராய்ந்தால் மறுக்கத்தக்கது.

ஈண்டு ஒன்றைத் தெளிவாக்குதல் வேண்டும். கண்புரையால் ஒளி மங்கியவர்க்கு அறுவை மருத்துவம் வரப்பிரசாதம். விழித்திரை கிழிந்தவர்க்கும் கண்ணழுத்த நோயுற்றவர்க்கும் காலத்தே செய்யப்படும் மருத்துவம் கண்ணைக் காக்கும் அரண். அவற்றைக் குறைகூறுவார் அறிவிலார். வழக்கு வேறொன்றைப் பற்றியது. கண்ணாடி அணிந்தால் முழுமையாகக் காண்கின்ற, நோயற்ற, வலியற்ற கண்ணைக் கண்ணாடி வேண்டா என்னும் ஒரே காரணத்துக்காகக் கத்திக்கும் கதிருக்கும் உட்படுத்தலாமா என்பதே வினா. 'லாசிக்' என்று விளம்பரப் பலகைகள் முழங்கும் சிகிச்சை அது.

பட்டையும் படலமும்

பேராக் மாநிலத்துத் தமிழருக்கு இதனை விளக்க வெளிநாட்டு உவமை வேண்டியதில்லை. 1877ஆம் ஆண்டு கோலகங்சாரில் இரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பின்னர் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவர் ரிட்லி, மரத்தை மாய்க்காமல் நாள்தோறும் பட்டையை மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். அந்த முறையைக் கையில் ஏந்தித்தான் சுங்கை சிப்புட் முதல் தாப்பா வரை தமிழர் மூன்று தலைமுறைகள் வாழ்ந்தனர். நல்ல பால்வெட்டுத் தொழிலாளியின் உளி பட்டையை மட்டும் சீவும். உள்ளிருக்கும் மரத்தைத் தொடாது. தொட்டுவிட்டால் காயம் முண்டும் முடிச்சுமாகத் திரண்டுவிடும். அவ்விடத்தில் மறுபடி ஒழுங்காகப் பால் வெட்ட இயலாது. அதற்காகத் தண்டலிடம் வசை வாங்காதவர் தோட்டத்தில் அரியர். அளவோடு சீவிய பட்டையோ சில ஆண்டுகளில் மீண்டும் வளர்ந்துவிடும்.

கண்ணின் முகப்பில் கண்ணாடிபோல் விளங்கும் 'கார்னியா' என்னும் படலத்துக்கு அந்தப் பேறு இல்லை. அதன் மேல்தோல் ஆறும். உள்ளிருக்கும் தடித்த பகுதி, இழந்ததை மீண்டும் வளர்ப்பதில்லை. நடுவில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிப்பே உடையது அப்படலம். லாசிக் சிகிச்சையில் முதலில் அதன் மேற்பகுதி ஒரு மூடியைப்போல் அறுத்துத் திறக்கப்படுகிறது. பின்னர்ப் புறஊதாக் கதிர்வீச்சு, பார்வைக் குறையின் ஒவ்வொரு டயாப்டருக்கும் ஏறத்தாழ 12 முதல் 15 மைக்ரோமீட்டர் வரை உள்தசையை ஆவியாக்குகிறது. மூடி மீண்டும் கவிழ்க்கப்படுகிறது. அது படிந்துகொள்ளும், ஆயின் முன்னிருந்த உறுதியுடன் ஒருபோதும் ஒட்டுவதில்லை. பல ஆண்டுகள் கழித்தும் கண்ணில் பலமான அடி பட்டால் அம்மூடி இடம்பெயரக் கூடும். இரப்பர் அழிந்து செம்பனை ஓங்கிய தோட்டங்களில், நீண்ட கழியில் கட்டிய அரிவாளை உயர்த்தி ஓலையையும் குலையையும் தள்ளும் தொழிலாளிக்கு இச்செய்தி புத்தகச் செய்தியன்று.

படலத்தை அறுக்கும்போது அதில் ஓடும் நுண்ணிய நரம்புகளும் அறுபடுகின்றன. கண்ணீர் சுரக்கக் கட்டளையிடுவன அந்நரம்புகளே. ஆதலால் கண் வறட்சி இச்சிகிச்சையின் நிழல்போல் தொடர்கிறது. பலருக்கு அது சில மாதங்களில் தணிகிறது, சிலருக்குத் தணிவதில்லை. மிகச் சிலருக்கு நரம்புகள் பிழையாக வளர்ந்து, கண்ணில் புண் ஏதும் காணப்படாமலே தீராத எரிச்சலும் குத்தலும் நிலைபெறுகின்றன. மெலிந்த படலம் உள்ளழுத்தம் தாங்காது முன்தள்ளிப் பார்வையைக் கோணலாக்கும் கேடும் உண்டு. 1998இல் செய்லர் என்னும் மருத்துவர் அதனை ஆய்வுலகுக்கு எடுத்துரைத்தார்.

வரலாறு எச்சரித்தது

கண்ணாடியைக் களையும் ஆசை புதியதன்று. சப்பானில் சாட்டோ என்னும் மருத்துவர் 1939 முதல் கார்னியாவின் உட்புறத்திலும் கீறல்கள் இட்டுக் கிட்டப்பார்வையைத் திருத்த முனைந்தார். கிட்டிய காலத்தில் வெற்றியாகவே தோன்றிற்று. அந்த உட்பரப்பின் உயிரணுக்கள் மீண்டும் வளராதவை என்பதை அன்று உலகம் அறியவில்லை. இருபது ஆண்டுகள் அளவில் கழிந்தபின் அவரிடம் சிகிச்சை பெற்ற பலரின் படலங்கள் நீர்கோத்து மங்கின. 1970களில் மாஸ்கோவின் பியோதரோவ், வெளிப்புறத்தில் ஆரக்கால்போல் கீறும் முறையைப் பரப்பினார். அமெரிக்காவில் அம்முறையைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 1994இல் வெளிவந்தது. நூற்றுக்கு 43 கண்களில், அறுவைக்கு ஆறு மாதங்களுக்குப் பின்னரும் பார்வை நகர்ந்துகொண்டே சென்று ஒரு டயாப்டரோ அதற்கு மேலோ தூரப்பார்வைப் பக்கம் சாய்ந்திருந்தது. கண்ணாடியைத் தூக்கி எறிந்தவர் வேறொரு கண்ணாடியைத் தேடி வந்தனர்.

இன்றைய முறைக்குத் தமிழுலகத்தோடு ஓர் உறவும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்று அமெரிக்க ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய இரங்கசாமி சீனிவாசனும் அவர்தம் தோழர் இருவரும், புறஊதா லேசர்க் கதிர் உயிர்த்தசையைச் சுடாமல் நுட்பமாகச் செதுக்க வல்லது என 1981இல் கண்டனர். விருந்தில் எஞ்சிய வான்கோழி இறைச்சியே அவர்தம் முதற் சோதனைப் பொருள். 1983இல் கண் மருத்துவர் டிரோக்கலுடன் இணைந்து சீனிவாசன் அக்கதிரைக் கார்னியா ஆய்வுக்குக் கொணர்ந்தார். 1990 அளவில் கிரேக்க மருத்துவர் பல்லிகாரிஸ் மூடி திறக்கும் முறையோடு அதனை இணைத்தார். அறிவியலின் இவ்வருஞ்செயலைப் போற்றாதவர் இரார். கண்டுபிடித்தவரின் பெருமை, கண்டுபிடிப்பைக் கூவி விற்பவரின் சொல்லுக்குச் சான்றாகிவிடுமா? ஆகாது.

எண்கள் கூறுவதும் மறைப்பதும்

'செய்துகொண்டோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் மனநிறைவு அடைகின்றனரே' என்பது எதிர்வாதம். அது பொய்யன்று. பெரும்பாலோர் மகிழ்ச்சியுடனேயே வாழ்கின்றனர் என்பதை நேர்மையுள்ளார் ஒப்புதல் வேண்டும். ஆயினும் அந்த எண்ணை ஏந்திவந்த ஆய்வின் மறுபக்கத்தையும் படித்தல் வேண்டும்.

2008 ஏப்ரலில் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் நடத்திய பொது விசாரணையில், சிகிச்சைக்குப்பின் அல்லலுற்றோர் நேரில் வந்து முறையிட்டனர். அதன் விளைவாக 2009இல் தொடங்கிய ஆய்வு, முன்பு பார்வைத் தொல்லை ஏதும் இல்லாதிருந்தவருள் நூற்றுக்கு 46 பேர் வரை, மூன்றாம் மாதத்தில் புதிய தொல்லை ஒன்றையேனும் தெரிவித்தனர் எனக் கண்டது. விளக்கைச் சுற்றி ஒளிவளையம், ஒளிச்சிதறல், கண்கூச்சம், இரட்டைத் தோற்றம் என்பன அத்தொல்லைகள். முன்பு வறட்சி இல்லாதவருள் நூற்றுக்கு 30 பேர் வரை கண் வறட்சியுற்றனர். அன்றாடக் கடமைகளே மிகவும் தடைப்படும் அளவுக்குப் பார்வைத் தொல்லை உற்றவர் நூற்றுக்கு ஒருவரினும் குறைவு. இவையெல்லாம் ஒரே ஆய்வின் முடிவுகள். விளம்பரத் தாளில் முதல் எண் மட்டும் ஏறுகிறது. ஏனையவை ஒப்பந்தப் படிவத்தின் நுண்ணெழுத்தில் உறங்குகின்றன.

'நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவுதானே' என்பாருக்கு விடை இது. கண்புரையுற்ற முதியவர் சிகிச்சையை மறுத்தால் அவருக்குக் காத்திருப்பது இருள். இருளை நீக்க ஒருவர் சிறிய இடரை ஏற்பது அறிவுடைமை. கிட்டப்பார்வையுள்ள இளைஞன் சிகிச்சையை மறுத்தால் அவனுக்குக் காத்திருப்பது கண்ணாடி. துலாக்கோலின் ஒரு தட்டில் கண்ணாடியை வைத்து மறுதட்டில் கண்ணை வைப்பது எவ்வகை நிறுவை? ஆயிரம் பேர் நலமடைந்தனர் என்னும் செய்தி, நலமிழந்த ஒருவனின் இரவுக்கு விளக்கேற்றாது.

முறையாக ஆராய்ந்து தேர்ந்தால் இடர் குறையும் என்பது உண்மையே. பார்வை எண் நிலைபெறாதவர், படலம் மெலிந்தவர், படலம் கூம்பும் நோயுடையவர், முன்னரே கண் வறட்சியுள்ளவர், கருவுற்றவர், உடலின் காப்பாற்றலே உடலைத் தாக்கும் நோயினர் ஆகியோரை விலக்குதல் மருத்துவ நெறி. ஒருவரைத் திருப்பி அனுப்பினால் வருவாய் இழக்கும் நிலையமே அந்நெறிக்கும் காவலாக நிற்கிறது என்பதைப் பெற்றோர் மறத்தலாகாது.

இன்னும் சில உண்மைகள் மேடையேறுவதில்லை. நாற்பதைத் தாண்டினால் எவர் கண்ணுக்கும் வெள்ளெழுத்து வரும். லாசிக் அதனைத் தடுக்காது. கிட்டப்பார்வையுள்ள ஆசிரியர் அவ்வகவையில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாணவர் ஏடுகளைத் திருத்துவார். அறுவை செய்துகொண்டவர் அந்தச் சலுகையையும் இழந்து படிப்புக் கண்ணாடி வாங்குவார். கிட்டப்பார்வையால் நீண்ட விழியின் விழித்திரை கிழியும் வாய்ப்பு, முகப்புப் படலத்தைச் செதுக்கியதால் மறைவதில்லை. மெலிந்த படலத்தின் மேல் அளக்கப்படும் கண்ணழுத்தம் உண்மையினும் குறைவாகக் காட்டும். முதுமையில் புரைக்கு வைக்கும் வில்லையின் கணக்கும் சிக்கலாகும்.

வாயடைத்த வருத்தம்

இனி, வருந்துவோர் நிலை யாது? ஈப்போவிலிருந்து கோலகங்சாருக்கு இரவில் நெடுஞ்சாலையில் செல்பவர் மெனோரா சுரங்கத்தை அணுகும்போது, எதிர்வரும் ஒவ்வொரு விளக்கும் மலர்ந்து ஒன்றோடொன்று கலந்தால் எங்ஙனம் வண்டி ஓட்டுவார்? குளிர்சாதனத் தொழிற்கூடத்தில் எட்டு மணிநேரம் நுண்பொருளை நோக்கும் பெண், கால்மணிக்கு ஒருமுறை சொட்டு மருந்தைத் தேடினால் மேற்பார்வையாளர் பொறுப்பாரா? எழுத்துப் பலகையில் 'பார்வை 6/6' என்று முடிவு வரும். ஆகவே 'சிகிச்சை வெற்றி' என்று கோப்பு மூடப்படும். பகலொளியில் கறுப்பெழுத்தைப் படிக்கும் திறன் ஒன்றையே அப்பலகை அளக்கும். இரவையும் வலியையும் அளக்கும் பலகை அங்குத் தொங்குவதில்லை.

மருத்துவர் 'நலம்' என்கிறார். இல்லத்தாரோ 'நீயே தேடிக்கொண்டது' என்கின்றனர். கண் கெட்ட பின்னே சூரிய நமஸ்காரமா என்று பழமொழி வேறு இடித்துரைக்கிறது. தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த சேமிப்பிலிருந்து பெற்றோர் கொடுத்த சில ஆயிரம் வெள்ளியை நினைத்துப் பிள்ளை வாய்திறப்பதில்லை. முற்கூறிய அமெரிக்க ஆய்விலேயே, தொல்லையை மருத்துவரிடம் நேரில் சொன்னோரைவிட வினாத்தாளில் எழுதித் தெரிவித்தோர் இரு மடங்குக்கும் மேல் என்பது வெளிப்பட்டது. 'புகார் வரவில்லை, ஆகவே குறை இல்லை' என்னும் கணக்கு இந்த மௌனத்தின்மீது கட்டப்பட்டது. அது இடிக்கப்படல் வேண்டும்.

அத்தகையோரைப் பழிப்பது அறமன்று. அவர்க்கு வேண்டுவன வேறு. முதலாவது, அறுவைக்கு முன் எடுத்த அளவுகள் உள்ளிட்ட மருத்துவக் குறிப்புகள் அனைத்தையும் கேட்டுப் பெற்றுப் பாதுகாத்தல். பின்னாளில் புரை மருத்துவத்துக்கும் அவை உதவும். இரண்டாவது, சிகிச்சை செய்த நிலையத்தைச் சாராத கார்னியா வல்லுநர் ஒருவரின் கருத்தை நாடுதல். ஈப்போ இராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் கண் பிரிவு உண்டு. மூன்றாவது, 'மீண்டும் ஒருமுறை திருத்திவிடலாம்' என்னும் அழைப்புக்கு விரைந்து இணங்காமை. எஞ்சிய தடிப்பு எவ்வளவு என்று அறியாமல் மறுபடி செதுக்குவது பெருங்கேடு.

வழிகளும் அடைபட்டு விடவில்லை. கண்ணீர் வடியும் துளையை அடைக்கும் சிறு செருகிகள், விழிவெண்மையின் மேல் தங்கிக் கார்னியாவைத் தொடாது நீரில் நனைத்து வைக்கும் பெரிய வில்லைகள், முன்தள்ளும் படலத்தை வைட்டமின் மருந்தாலும் ஒளியாலும் இறுக்கும் சிகிச்சை ஆகியன பலருக்கு ஆறுதல் தந்துள்ளன. காணக்கூடிய புண் இல்லாத வலியும் மெய்யான வலியே. அது நரம்பின் நோய். உள்ளம் சோர்ந்து உறக்கம் கெட்டால் மனநல மருத்துவரை நாடுவது தாழ்வன்று. துயருற்றோர் குரலுக்குச் செவிகொடுக்கும் பெஃப்ரெண்டர்ஸ் தொண்டு அமைப்பும் ஈப்போவில் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் ஒருவரேனும் 'நீ சொல்வதை நம்புகிறேன்' என்று கூறுதல் வேண்டும்.

சொல்லுவது சலுகையன்று, கடமை

இடரை எடுத்துரைப்பது மருத்துவரின் பெருந்தன்மையைச் சார்ந்ததா? இல்லை, சட்டம் விதித்த கடமை. இதற்கு அடிப்படையான வழக்கும் கண்ணைப் பற்றியதே. ஆஸ்திரேலியாவில் விட்டேக்கர் என்னும் மாது சிறுவயதில் அடிபட்டு ஒரு கண்ணில் பார்வை குன்றியவர். மறுகண்ணால் நன்கு வாழ்ந்துவந்தார். குன்றிய கண்ணின் தோற்றமும் பார்வையும் சீராகும் என்ற நம்பிக்கையில் 1984இல் அறுவைக்கு இசைந்தார். விளைவுகளை வற்புறுத்தி வினவினார். நல்ல கண்ணுக்கு ஒன்றும் நேராதிருக்க அதன்மேல் எதையேனும் வைத்து மூடலாமா என்றுகூடக் கேட்டார். அறுவைக்குப்பின் எழுந்த அழற்சி நல்ல கண்ணுக்கும் தாவியது. அவர் ஏறத்தாழ முற்றிலும் ஒளியிழந்தார். அக்கேடு நேரும் வாய்ப்பு 14,000இல் ஒன்று; அது அவருக்குச் சொல்லப்படவில்லை. 1992இல் ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம், அந்த நோயாளியின் நிலையிலிருப்பவர் பொருட்படுத்தக்கூடிய இடர் எதுவாயினும் அதனை மருத்துவர் கூறியே ஆகவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. 'பிற மருத்துவரும் சொல்வதில்லை' என்னும் சாக்கு அங்கே செல்லவில்லை.

மலேசியக் கூட்டரசு நீதிமன்றம், ஃபூ ஃபியோ நா வழக்கில் 2006 திசம்பரில் இந்நெறியை ஏற்றது; 2017இல் வேறொரு வழக்கிலும் அதனை உறுதி செய்தது. ஆகவே ஈப்போவின் எந்த மருத்துவக் கூடத்திலும் அமரும் இளைஞனுக்கு வினவும் உரிமை உண்டு. 'பதினாலாயிரத்தில் ஒன்றுதானே' என்று ஒதுக்கப்பட்ட இடர்க்கே அத்தீர்ப்பு எனில், நூற்றுக்கு முப்பதாகவும் நாற்பதாகவும் எண்ணப்படும் தொல்லைகளை விற்பனைப் பெண்ணின் புன்னகைக்குப்பின் மறைத்தல் முறையாகுமா? அமெரிக்க நிருவாகத்தில் இத்தகைய கருவிகளை ஆய்ந்த பிரிவின் தலைவராயிருந்த மோரிஸ் வாக்ஸ்லர், ஓய்வுபெற்றபின் 2011இல் லாசிக் அனுமதியைத் திரும்பப் பெறுமாறு மனுச் செய்தார். 2014இல் அம்மனு தள்ளப்பட்டது. ஆயினும் 2022 சூலையில் அதே நிருவாகம், இடர்களை நோயாளி தெளிவாக அறியும்படி எழுதுதற்குரிய வரைவு வழிகாட்டியை வெளியிட்டது. சொல்லியவை போதவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

மலேசியாவில் மருத்துவ விளம்பரத்தை 1956ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஒப்புதல் எண் அச்சிட்ட விளம்பரம் சட்டத்துக்கு உட்பட்டதாகலாம்; அது அறிவுரையாகிவிடாது. 'இந்த மாத இறுதிவரை மட்டும்' என்னும் தள்ளுபடி துணிக்கடைக்குப் பொருந்தும். கண்ணின் மேல் முடிவெடுப்பவனைக் காலக்கெடு காட்டி விரட்டுவது வாணிகத்திலும் கீழ்மை. ஆலோசனைக்கும் அறுவைக்கும் இடையே சில வாரங்களேனும் கட்டாயமாக இருத்தல் வேண்டும்.

கண்ணாடியை இழிவாக்கியவர் யார்?

குற்றம் முழுவதையும் மருத்துவ நிலையத்தின் தலையில் சுமத்துவதும் நேர்மையாகாது. வாங்குவாரின்றி விற்பாரில்லை. கண்ணாடி அணிந்த சிறுமியைச் 'சோடாபுட்டி' என்றும் 'நாலு கண்' என்றும் வகுப்பறை எள்ளுகிறது. கேட்டும் கேளாதார்போல் ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். பெண்பார்க்க வந்த வீட்டார், 'படம் எடுக்கும்போது கண்ணாடியைக் கழற்றிவிடட்டும்' என்கின்றனர். பெண்ணின் பட்டம் அவர்க்குப் பெருமை. அப்பட்டத்துக்காக அவள் படித்த கண்ணுக்குத் துணைநின்ற கண்ணாடி அவர்க்கு இழுக்கு! சீருடைப் பணி போன்ற தொழிற்காரணங்களால் சிகிச்சையை எண்ணுவோரும் உளர். அவர்தம் கணக்கு வேறு. இங்கே பெரும்பகுதியினரை விரட்டுவது எள்ளல்.

இத்தகைய எள்ளல் பேராக் தமிழருக்கு அடாது. கண்ணாடி கிட்டாத காலம் ஒன்று இருந்தது. தோட்டப் பள்ளியின் பின்வரிசையில் அமர்ந்து கரும்பலகை தெரியாமல் விழித்த சிறுவன் 'மக்கு' எனப் பெயர்பெற்று, பன்னிரண்டு வயதில் தந்தையின் பின்னே வாளியுடன் நிரைக்குச் சென்றான். அவனிடம் குறைந்தது அறிவன்று. இரண்டு வட்டக் கண்ணாடித் துண்டுகள். நெற்றி விளக்கொளியில் விடியுமுன் பட்டை சீவிய தாய், நாற்பது வயதில் ஊசியில் நூல் கோக்க மகளை அழைத்தாள். அவர்தம் பேரப்பிள்ளைகளின் மூக்கில் இன்று அமர்ந்திருக்கும் கண்ணாடி, அந்தத் தலைமுறை காணாத விடுதலையின் சின்னம். அதனை அவமானம் என்று கழற்றி எறியத் துடிப்பது வரலாறு அறியாமை.

ஆசிரியர் கையில் உள்ளது

வள்ளுவர் மருந்துக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். தெரிந்து செயல்படுவதற்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். இரண்டையும் மனப்பாடம் செய்விக்கும் தமிழாசிரியர், இரண்டையும் இணைத்துக் காட்டும் இடம் இதுவே. எள்ளற் பெயர்களை வகுப்பறை வாசலிலேயே நிறுத்துதல் வேண்டும். ஆண்டுதோறும் கண் சோதனை நிகழ்வதை உறுதி செய்தல் வேண்டும். தைவான் நாட்டுப் பள்ளிகள் 2010 முதல் மாணவரை நாள்தோறும் 120 நிமிடம் வெளியொளியில் இருக்கச் செய்து கிட்டப்பார்வையின் வளர்ச்சியைத் தடுக்க முனைந்து பயன் கண்டன. வெயிலுக்குக் குறைவில்லாத கிந்தா பள்ளத்தாக்கில் அது செலவில்லாத மருந்து.

மாணவரோ, அகவை வந்தபின் இச்சிகிச்சையை எண்ணினால் ஐந்து வினாக்களை எழுதி எடுத்துச் செல்லட்டும். படலத்தின் தடிப்பு எவ்வளவு? அறுவைக்குப்பின் எஞ்சுவது எவ்வளவு? வறட்சியும் ஒளிவளையமும் நீங்காவிடில் யார் பார்ப்பார், செலவு யாருடையது? தமக்குப் பொருந்தாது என்று இந்நிலையம் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியது? இதனைச் செய்யாவிடில் இழப்பது யாது? முதல் நான்குக்கும் மருத்துவர் விடை கூறுவார். ஐந்தாவதற்கு விடை கேட்பவனின் மூக்கின்மேல் இருக்கிறது. அதனைத் துடைத்து மீண்டும் அணிந்துகொண்டு அவன் எழுந்து வருவானாயின், அவனைக் கோழை என்பார் எவரும் இரார்.